முன்னால் அழுத்தம், பின்னால் பொருள்

நெதர்லாந்தில் குடியேறும் தமிழரை முதலில் மிரட்டுவது தபாலில் வரும் கடிதங்கள்தான். நகராட்சி, வரித்துறை, காப்பீட்டு நிறுவனம், பிள்ளையின் பள்ளி என்று எங்கிருந்து வந்தாலும், கடிதத்தின் நடுவே அரை வரியை அடைத்துக்கொண்டு ஒரே ஒரு சொல் உட்கார்ந்திருக்கும். ‘ஆர்பெய்ட்ஸ்ஒன்கெஸ்கிக்ட்ஹெய்ட்ஸ்ஃபெர்ஸேகெரிங்’ அப்படி ஒன்று. ரோமன் எழுத்தில் 33 எழுத்துகள், இடைவெளி கிடையாது. உடல்நலம் கெட்டு வேலை செய்ய முடியாமல் போனவருக்கு வருமானம் தரும் காப்பீட்டுக்கு அந்தப் பெயர். டச்சு ஒலிகளைத் தமிழ் எழுத்தில் ஏறக்குறையத்தான் காட்ட முடியும். இந்தக் கட்டுரை முழுக்க அப்படியே கொள்ளுங்கள்.

பெரியவர்களுக்கு டச்சு சொல்லிக்கொடுப்பது என் தொழில். 1980களில் இலங்கையிலிருந்து அகதிகளாக வந்தவர்கள், அவர்களைத் தேடி வந்த உறவினர்கள், ஐன்ட்ஹோவன் பக்கம் பொறியாளர் வேலைக்கு வந்தவர்களின் துணைவர்கள் என்று என் வகுப்பில் தமிழர்கள் அதிகம். 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த குடியேறியோர் ஒருங்கிணைப்புச் சட்டம், பெரும்பாலானவர்கள் பி1 எனப்படும் இடைநிலை வரை டச்சு கற்க வேண்டும் என்கிறது. அந்த நிலைக்குப் போகும் வழியெல்லாம் நீளச் சொற்கள். அவற்றை வாய்விட்டுப் படிக்க வைப்பதில் எனக்குத் தீராத ஆசை உண்டு. மற்றவர்கள் இலக்கணத்தில் காட்டும் அக்கறையை நான் அசை பிரிப்பதிலும் அழுத்தம் வைப்பதிலும் காட்டுகிறேன்.

என் அனுபவம் எனக்குச் சொன்னது இதுதான்: டச்சுக் கூட்டுச்சொல்லுக்கு இரண்டு தலைகள். பொருளின் தலை கடைசித் துண்டில் இருக்கிறது. ஓசையின் தலை முதல் துண்டில் இருக்கிறது. இரண்டையும் பிடித்துவிட்டால் நடுவில் எத்தனை அசை வந்தாலும் கவலையில்லை.

பொருளின் தலையைத் தமிழருக்குச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. மழைநீர்ச் சேகரிப்புத் தொட்டி என்பது ஒரு தொட்டி. மழையில் தொடங்கித் தொட்டியில் முடிகிறது. டச்சும் அதே திசையில்தான் போகிறது. ‘ஸ்டாட்’ என்றால் நகரம், ‘ஹௌஸ்’ என்றால் வீடு. ‘ஸ்டாட்ஹௌஸ்’ நகராட்சிக் கட்டடம். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் ‘டெ’ வருமா ‘ஹெட்’ வருமா என்பதையும் கடைசித் துண்டே முடிவு செய்யும். ஸ்டாட்டுக்கு ‘டெ’, ஹௌஸுக்கு ‘ஹெட்’. ஆகவே ஸ்டாட்ஹௌஸுக்கு ‘ஹெட்’. ஆங்கிலமோ பிரெஞ்சோ முதலில் படித்துவிட்டு வருகிறவர்களைவிடத் தமிழ் மட்டும் தெரிந்தவர்கள் இதை இயல்பாகப் பிடித்துக்கொள்கிறார்கள்.

சிக்கல் மற்றத் தலையில். அதற்குப் போகும் முன் சொல்லைப் பிரிக்க வேண்டும்.

அந்த 33 எழுத்துச் சொல்லையே எடுத்துக்கொள்வோம். ‘ஆர்பெய்ட்’ வேலை. ‘ஒன்கெஸ்கிக்ட்’ தகுதியற்ற. ‘ஹெய்ட்’ தன்மையைக் குறிக்கும் விகுதி. ‘ஃபெர்ஸேகெரிங்’ காப்பீடு. இடையில் இரண்டு இடத்தில் ஒரு ‘ஸ்’ ஒட்டிக்கொண்டிருக்கிறது. இதற்குத் தனிப் பொருள் கிடையாது. இரண்டு துண்டுகளை இணைக்க வந்த ஒலி. ஹெய்ட், இங், டெய்ட் என்று முடியும் சொற்கள் கூட்டுச்சொல்லின் முன்பகுதியாக வந்தால் இந்த ‘ஸ்’ அநேகமாக வந்தே தீரும். அது எப்போதும் இடப்பக்கத் துண்டுக்குச் சொந்தம். ஆகவே பிரிக்கும்போது ‘ஹெய்ட்ஸ்-ஃபெர்’ என்று பிரிக்க வேண்டும். ‘ஹெய்ட்-ஸ்ஃபெர்’ என்று ஆகாது. ‘ஹெய்ட்ஸ்’, ‘இங்ஸ்’, ‘டெய்ட்ஸ்’ எங்கே கண்ணில் பட்டாலும் அதற்கு வலப்பக்கம் பென்சிலால் ஒரு நேர்கோடு போடச் சொல்வேன். அரசாங்கக் கடிதங்களில் உள்ள நீளச் சொற்களில் பல இந்த ஒரு கோட்டிலேயே இரண்டாகப் பிளந்து விழும்.

தனிச் சொல்லுக்குள் அசை பிரிப்பது எளிது. இரண்டு உயிருக்கு நடுவே ஒரு மெய் இருந்தால் அது வலப்பக்கம் போகும்: ‘மா-கென்’. இரண்டு மெய்யெழுத்து இருந்தால் ஆளுக்கொன்று: ‘பாக்-கென்’. கூட்டுச்சொல்லின் மூட்டில் மட்டும் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே பொருள்தான் கோடு போடும். ‘ஆஃபொன்ட்’ என்றால் மாலை, ‘ஏடென்’ என்றால் சாப்பாடு. சேர்ந்தால் இரவுச் சாப்பாடு. காதின் கணக்குப்படி ‘ஆ-ஃபொன்-டே-டென்’ என்று வர வேண்டும். டச்சுக்காரர் எழுத்தில் ‘ஆஃபொன்ட்-ஏடென்’ என்றுதான் பிரிப்பார், மூட்டு அழிவதில்லை.

இது எழுத்தோடு நிற்பதில்லை, வாயிலும் தெரியும். தமிழில் ஒரே டகரத்துக்கு இரண்டு ஒலி உண்டு. ‘வண்டி’யில் வருவது மென்மையானது, ‘பட்டம்’ என்பதில் வருவது வலுவானது. டச்சில் இந்த இரண்டுக்கும் தனித்தனி எழுத்து. ஆனால் சொல்லின் கடைசியில் மென்மையான டகரம் நிற்க முடியாது. எழுத்தில் மென்மையாக இருந்தாலும் வலுவாகவே ஒலிக்கும். கையைக் குறிக்கும் ‘ஹாண்ட்’ அப்படித்தான். பன்மையில் ‘ஹாண்டென்’ என்றதும் பழைய மென்மை திரும்பிவிடும். மாலைச் சொல்லும் இதே சாதி. பன்மை ‘ஆஃபொண்டென்’, அங்கே வண்டி டகரம். இரவுச் சாப்பாட்டிலோ, பின்னால் உயிரெழுத்து வந்து நின்றும், பட்டத்து டகரமே ஒலிக்கிறது. அந்த வல்லொலி கேட்பவருக்குச் சேதி சொல்கிறது: இங்கே ஒரு சொல் முடிந்தது, அடுத்தது தொடங்குகிறது. தமிழ் வாய்க்கு மெய்யின் மேல் உயிர் ஏறி உட்கார்வது பழகிப்போனது. நன்னூல் காலத்துக்கும் முந்திய பழக்கம். அதனால் என் மாணவர்கள் இந்த இடத்தில் குழைந்து, மென்மையான டகரத்தைப் போட்டுவிடுகிறார்கள். கேட்கும் டச்சுக்காரரின் முகத்தில் ஒரு கணம் கேள்விக்குறி தெரியும்.

சில மூட்டுகளில் எதிர்த்திசையிலும் மாற்றம் நடக்கும். ‘ஸாக்’ என்றால் பை, ‘டூக்’ என்றால் துணி; சேர்ந்தால் கைக்குட்டை. பின்னால் வரும் மென்மையான டகரம் முன்னால் உள்ள ககரத்தையும் தன்பக்கம் இழுத்து, ‘பங்கு’ என்பதில் வரும் ககரமாக்கிவிடும். புணர்ச்சி விதி படித்து வளர்ந்தவர்களுக்கு இதில் வியப்பு ஒன்றுமில்லை. இரண்டு சொல் சேரும் இடத்தில் ஒலி மாறும் என்பதை நாம் பள்ளியிலேயே ஏற்றுக்கொண்டவர்கள். டச்சு இந்த மாற்றத்தை எழுத்தில் காட்டுவதில்லை, அவ்வளவுதான்.

இனி அழுத்தம். தமிழில் எந்த அசையை அழுத்திச் சொன்னாலும் சொல்லின் பொருள் மாறாது. அதனால் டச்சுச் சொல்லின் பத்து அசையையும் ஒரே எடையில், ஒரே நீளத்தில் ஒப்பிக்கிறோம். ஒவ்வொரு ஒலியும் சரியாக இருக்கும். கேட்பவருக்குச் சொல் பிடிபடாது.

இது ஏன் என்று நெய்மேகனில் உள்ள மாக்ஸ் பிளாங்க் உளமொழியியல் ஆய்வு நிறுவனத்தில் ஆராய்ந்தவர்கள் உண்டு. ஆன் கட்லர் அங்கே இருபது ஆண்டு இயக்குநராக இருந்தவர். கேட்கும் காது சொல்லை எப்படித் தேடுகிறது என்பதே அவருடைய வாழ்நாள் ஆய்வு. அவரும் உடன் ஆய்வாளர்களும் 2005இல் வெளியிட்ட சோதனை ஒன்றை நான் எல்லா வகுப்பிலும் சொல்வதுண்டு. ‘ஒக்டோபுஸ்’ என்ற எண்காலிக்கு முதல் அசையில் அழுத்தம். ‘ஒக்டோபெர்’ என்ற மாதத்துக்கு இரண்டாம் அசையில். முதல் இரண்டு அசையும் ஒன்றேதான். அந்த ‘ஒக்டோ’வை மட்டும் வெட்டிக் கேட்கவைத்தபோது, அழுத்தம் பொருந்தினால் டச்சுக்காரர்கள் சொல்லை விரைவாக அடையாளம் கண்டார்கள்; பொருந்தாவிட்டால் தாமதமானது. சொல் முடியும்வரை அவர்கள் காத்திருப்பதில்லை. முதல் அசைகளின் எடையை வைத்தே வேண்டாத சொற்களை ஒதுக்கத் தொடங்கிவிடுகிறார்கள். தவறான இடத்தில் அழுத்தினால், அவர்களை வேறு தெருவுக்கு அனுப்பிவிட்டு நாம் நம் வீட்டு வாசலில் காத்திருக்கிறோம் என்று ஆகும்.

கூட்டுச்சொல்லுக்கு அடிப்படை விதி எளியது: தலைமை அழுத்தம் முதல் துண்டில். முதல் அசையில் என்று நினைத்துவிடக் கூடாது. முதல் துண்டு தனியாக நிற்கும்போது அழுத்தம் எங்கே விழுமோ, கூட்டிலும் அங்கேயே விழும். ‘ஊனிவெர்ஸிடெய்ட்’ என்ற பல்கலைக்கழகச் சொல்லுக்குக் கடைசி அசை ‘டெய்ட்’டில் அழுத்தம். அதன் நூலகம் ‘ஊனிவெர்ஸிடெய்ட்ஸ்பிப்லியோடேக்’, ஒன்பது அசை. அழுத்தம் ஐந்தாம் அசையில், அதே ‘டெய்ட்ஸ்’ மேல். பின்துண்டுகளின் அழுத்தமும் மறைந்துபோகாது. ஒரு படி இறங்கி நிற்கும். நம்முடைய 33 எழுத்துச் சொல்லில் ‘ஆர்’ முழுக் கனம். ‘ஒன்’, ‘ஸே’ இரண்டும் அரைக் கனம். மற்றவை அவற்றின் நிழலில்.

அந்த மற்றவற்றில்தான் தமிழருக்கு அதிக உழைப்பு. கெ, ஃபெர், கெ என்று வரும் அசைகளில் இருப்பது அழுத்தமே ஏற்காத, தேய்ந்த ஓர் உயிர். ரோமன் எழுத்தில் அதை எகர எழுத்தால் எழுதுகிறார்கள்; நாம் அதைப் பார்த்து முழு எகரமாக ஒலிக்கிறோம். இங்கே எனக்குக் கைகொடுப்பது குற்றியலுகரம். ‘நாக்கு’, ‘பேச்சு’ என்று சொல்லும்போது கடைசி உகரத்தை யாரும் முழுசாக ஒலிப்பதில்லை. உதடு குவியாமல் அரையாகத் தேய்ந்துவிடுகிறது. அந்தத் தேய்வை எகரத்துக்குக் கொடுங்கள் என்றால் புரிந்துகொள்கிறார்கள். தேயவேண்டியவை தேய்ந்ததும், அழுத்தவேண்டியது தானாக மேலெழுந்து வரும். குரலை உயர்த்த வேண்டிய தேவையே இல்லாமல் போகிறது.

யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த ஓர் அக்கா ஒருநாள் வீட்டுக்கு வந்த கடிதத்தை வகுப்புக்குக் கொண்டுவந்தார். நாம் பிறருக்கு ஏற்படுத்தும் சேதத்துக்குப் பணம் கட்டும் காப்பீடு பற்றிய கடிதம். சொல் 29 எழுத்து: ‘ஆன்ஸ்ப்ராகெலெக்ஹெய்ட்ஸ்ஃபெர்ஸேகெரிங்’.

“ரீச்சர், இதில எந்த இடத்தில மூச்சு விடுறது?”

“மூச்சே விட வேண்டாம் அக்கா. பின்னாலேர்ந்து வாங்க. கடைசி அசை மட்டும் சொல்லுங்க.”

ரிங். கெரிங். ஸேகெரிங். ஃபெர்ஸேகெரிங். அங்கே நிறுத்தி, காப்பீடு என்ற முழுச் சொல்லை இரண்டு மூன்று தடவை சொல்ல வைத்தேன். ‘ஸே’ மட்டும் எழுந்து நிற்கும்படி. அடுத்து ஹெய்ட்ஸ்ஃபெர்ஸேகெரிங். பிறகு லெக், கெ, ‘ஸ்ப்ரா’, கடைசியாக ‘ஆன்’. பின்னாலிருந்து கட்டுவதற்குக் காரணம் உண்டு. முன்னாலிருந்து போனால், தெரியாத பகுதியை நோக்கி நடந்து, நடுவில் தடுக்கி, ஒவ்வொரு அசைக்கும் புதிதாகக் குரலெடுப்போம். பின்னாலிருந்து வந்தால் ஒவ்வொரு தடவையும் ஏற்கெனவே பழகிய வாலில் போய் முடிகிறோம். சொல்லின் இறங்குமுகமான மெட்டு கெடுவதில்லை.

முழுச் சொல்லும் வந்தபின் அவர் ‘ஆன்’ மேல் அழுத்தினார். முதல் அசையாயிற்றே. “இது ‘ஸ்ப்ரா’வில விழும் அக்கா. ‘ஆன்ஸ்ப்ராகெலெக்’ என்று தனியா சொன்னா எங்க விழுது பாருங்க.” தனியாகச் சொல்லிப் பார்த்தார், தலையை ஆட்டினார், திரும்பவும் முழுசாகச் சொன்னார். ஒன்பது அசையும் ஒரே மூச்சில், ஒரே சொல்லாக வந்து விழுந்தன. “ஒரு சொல்லு மாதிரியே கிடக்கு ரீச்சர்” என்றார். அந்த வேலைக்கு அதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

முதல் துண்டே ஒரு தொடராக இருந்தால் விதி இன்னும் அழகாக வேலை செய்யும். ‘ஓடெமானென்ஹௌஸ்’ என்பது முதிய ஆண்களுக்கான பழைய காப்பகம். ஹார்லெம் நகரின் ஃப்ரான்ஸ் ஹால்ஸ் அருங்காட்சியகம் அப்படியொரு கட்டடத்தில் இருக்கிறது. ‘ஓடெ’ என்றால் வயதான, ‘மானென்’ என்றால் ஆண்கள். தொடரில் அழுத்தம் இரண்டாம் சொல்லில் விழுவதால் கூட்டிலும் ‘மா’ மேல் விழுகிறது. 2020இல் ஃபான் டாலெ அகராதி ஆண்டின் சொல்லாக அறிவித்த ‘ஆண்டர்ஹால்ஃபெமேட்டர்ஸாமென்லேஃபிங்’ அதே வகை: ஒன்றரை மீட்டர் இடைவெளிச் சமூகம். பத்து அசையில் தலைமை அழுத்தம் ‘மே’ மேல். கொள்ளைநோய்க் காலத்தில் பிறந்த சொல். பிறந்த வாரமே எல்லோரும் ஒரே மாதிரி உச்சரித்தார்கள். யாரும் யாரிடமும் கேட்கவில்லை.

விலக்குகள் உண்டு, அவற்றை மனப்பாடம் செய்வதைத் தவிர வழியில்லை. மேலே சொன்ன ‘ஸ்டாட்ஹௌஸ்’ பின்துண்டில் அழுத்தம் ஏற்கும். மேயரைக் குறிக்கும் ‘புர்கெமேஸ்டெர்’ ‘மே’யில். ஸாட்டர்டாக் என்ற சனிக்கிழமைக்கு முன்னால் அழுத்தம். சனி மாலை ‘ஸாட்டர்டாக்ஆஃபொன்ட்’ என்றதும் அழுத்தம் ‘ஆ’வுக்குத் தாவும். ஊர்ப் பெயர்களில் ஆம்ஸ்டர்டாம், ரோட்டர்டாம், ஸ்கீடாம் எல்லாம் கடைசி ‘டாம்’ மேல். ஐன்ட்ஹோவனும் ஆமெர்ஸ்ஃபோர்ட்டும் முதல் அசையில். ஆம்ஸ்டர்டாமில் டிராமில் போகும்போது காதைத் திறந்து வைத்தால் இதற்கு ஒரு நல்ல பாடம் கிடைக்கும். ‘கால்வெர்ஸ்ட்ராட்’ போன்ற தெருப் பெயரில் அழுத்தம் முன்னால்; ‘ஹேரென்க்ராக்ட்’, ‘கெய்ஸெர்ஸ்க்ராக்ட்’ போன்ற கால்வாய்ப் பெயர்களிலும் ‘லெய்ட்ஸெப்லெய்ன்’ என்ற சதுக்கத்திலும் பின்னால்.

வினைச்சொல்லில் அழுத்தம் பொருளையே மாற்றிவிடும். ‘ஃபோர்கோமென்’ என்பதில் ‘ஃபோர்’ அழுத்தினால் ‘நேர்வது’. ‘கோ’வை அழுத்தினால் ‘தடுப்பது’. மருத்துவமனைக் கடிதத்தில் இரண்டும் வரும். நோய் நேர்வதும் நோயைத் தடுப்பதும் ஒரே எழுத்து வரிசையில். குழப்பம் வரும் இடத்தில் உயிரெழுத்தின் தலைமேல் சாய்கோடு போட்டு அழுத்தத்தைக் காட்ட டச்சு எழுத்துமுறை இடம் தருகிறது. அந்தச் சாய்கோட்டை வகுப்பில் நான் தாராளமாகப் பயன்படுத்துகிறேன்.

வகுப்புக்கு வெளியே எனக்கு இன்னொரு வேலை உண்டு: தமிழும் டச்சும் சேர்ந்து வரும் துண்டறிக்கைகளை அச்சுக்கு முன் மெய்ப்புப் பார்ப்பது. குறுகிய பத்தியில் நீளச் சொல் வரியின் முடிவில் உடையும் இடம் என் கண்ணை முதலில் இழுக்கும். ‘டிப்லோமாட்யெ’ என்ற ஒரே எழுத்து வரிசை சின்னச் சான்றிதழையும் குறிக்கும், சின்னத் தூதரையும் குறிக்கும். சான்றிதழாக இருந்தால் வரி முடிவில் ‘டிப்லோமா-ட்யெ’ என்று உடைத்து, எழுத்தில் கூடுதலாக வந்த ஓர் அகர எழுத்தையும் எடுத்துவிட வேண்டும். தூதராக இருந்தால் ‘டிப்லோமாட்-யெ’. எழுத்து எதுவும் குறையாது. அழுத்தமும் வேறு: சான்றிதழுக்கு ‘ப்லோ’, தூதருக்கு ‘மாட்’. ‘க்வார்ட்ஸ்லாகென்’ என்பதை ‘க்வார்ட்-ஸ்லாகென்’ என்று உடைத்தால் கால்வட்டத் திருப்பங்கள். ‘க்வார்ட்ஸ்-லாகென்’ என்று உடைத்தால் படிகக்கல் அடுக்குகள்.

கணினி இதைத் தானாகச் செய்கிறதே என்று அச்சகத்தில் கேட்பார்கள். இன்றைக்கும் பல மென்பொருள்கள் பின்பற்றும் வழி, ஸ்டான்ஃபோர்டில் ஃபிராங்க் லியாங் 1983இல் முனைவர் பட்டத்துக்காக எழுதிய முறையிலிருந்து வந்தது: எழுத்துகளின் அடுக்கைப் பார்த்து உடைக்கும் இடத்தைக் கணிப்பது. மிகத் திறமையான முறை. ஆனால் அது பார்ப்பது எழுத்தை. டச்சு மூட்டு இருப்பது பொருளில். தினமும் புதிய கூட்டுச்சொல் பிறக்கும் மொழியில் கணிப்பு அவ்வப்போது பிசகும். அதனால் நீளச் சொற்களின் பெரிய மூட்டுகளில் உடைக்கும் குறியை நானே கையால் வைத்து அனுப்புகிறேன். துண்டறிக்கையைப் படிப்பவர் புதிதாக வந்தவராக இருந்தால், சரியான இடத்தில் உடைந்த சொல் அவருக்குப் பாதிப் பாடம் சொல்லித்தந்துவிடும்.

இதெல்லாம் ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு சொல்லே சாட்சி. 2021 ஜனவரியில் அப்போதைய பிரதமர் ரூட்டெயின் மூன்றாவது அமைச்சரவை பதவி விலகியது, குழந்தைக் காப்பக உதவித்தொகை பெற்ற குடும்பங்களை மோசடிக்காரர்களாக நடத்திய விவகாரத்தால். ‘கிண்டெர்ஒப்ஃபாங்டூஸ்லாக்அஃபேரெ’: ஒன்பது அசை, தலைமை அழுத்தம் ‘கின்’ மேல். குடியேறிய குடும்பங்கள் பல அதில் நொறுங்கின. அந்தச் சொல்லை வானொலியில் கேட்டுப் பிடிக்கவும், அலுவலக மேசைக்கு முன் நின்று தடுமாறாமல் சொல்லவும் முடிவது சின்ன விஷயமில்லை. இந்த நாட்டில் உரிமைகள், கடமைகள், தொகைகள் எல்லாம் நீளச் சொற்களில்தான் இருக்கின்றன. நம் வாயில் அவை உடைந்தால் எதிரில் இருப்பவர் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார். ஆங்கிலமும் தெரியாதவருக்குப் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

பாடநூல்கள் புதுச்சொற்களின் பட்டியல் தருகின்றன, பொருள் தருகின்றன; அழுத்தக் குறியைப் பல நூல்கள் விட்டுவிடுகின்றன. மூட்டும் அழுத்தமும் குறிக்காத நீளச் சொல்லை மாணவர் கையில் கொடுப்பதை நான் பாதி வேலையாகவே கருதுகிறேன். கடைசித் துண்டின் அடியில் ஒரு கோடு, மூட்டுகளில் நேர்கோடுகள், முதல் துண்டின் அழுத்த அசைமேல் ஒரு சாய்கோடு. பின்னாலிருந்து இரண்டு தடவை, முன்னாலிருந்து ஒரு தடவை. இந்தக் குறிகள் வைக்காமல் எந்த நீளச் சொல்லையும் என் வகுப்பில் வாய்விட்டுப் படிக்க விடமாட்டேன். குறிகள் வைத்துப் பழகியவர்கள் இதுவரை யாரும் எழுதாத கூட்டுச்சொல் நாளைக்கு வந்தாலும் முதல் தடவையே சரியாகச் சொல்வார்கள்.